சதியபுத்திரர் யார்? - ஜம்பைக் கல்வெட்டும் அறிஞர் மேற்கோளும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பல்லவர் குடைவரையைப் பற்றிய கட்டுரைகளில், 'தமிழகத்தின் முதல் குடைவரை இதுவே என்பது அறிஞர் முடிபு' என்ற வரியைப் பெரும்பாலும் காணலாம். எந்த அறிஞர், எந்த நூலில், என்ன காரணம் காட்டி அப்படி முடிவு செய்தார் என்பது மட்டும் அடுத்த வரியில் இராது. மண்டகப்பட்டிலுள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் இலக்ஷிதாயதனம் என்னும் இக்கோயிலை விசித்திரசித்தன் உருவாக்கினான் என்று சொல்கிறது. 'முதல்' என்ற சொல் அதில் இல்லை. புதுமையை வியக்கும் அதன் குரலிலிருந்தும், மகேந்திரவர்மனின் பிற குடைவரைகளோடு ஒப்பிட்டதிலிருந்தும் ஆய்வாளர்கள் பெற்ற ஊகம் அது. நல்ல ஊகம்தான். ஆனால் கல்வெட்டு சொல்வது வேறு, அதிலிருந்து ஊகிப்பது வேறு. 'அறிஞர் முடிபு' என்ற இரு சொற்கள் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை அழித்துவிடுகின்றன.

அறிஞர் ஒருவரின் பெயரை மேற்கோள் காட்டுவது எப்போது வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது, எப்போது வாதம் இல்லாத இடத்தை மறைக்கும் திரையாகிறது? இந்தக் கேள்விக்கு இதே வட்டாரத்தில் மண்டகப்பட்டைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்பெண்ணையாற்றை ஒட்டி, மணலூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ள ஜம்பை. முன்பு தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த அவ்வூர், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. அங்குள்ள பாறையில் வெட்டப்பட்ட ஒரே ஒரு வரி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நீடித்த அறிஞர் வழக்கு ஒன்றைத் தீர்த்து வைத்தது.

வழக்கு இதுதான். அசோகனின் இரண்டாம் பெரும்பாறைக் கட்டளை, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்லும்போது, அவனது ஆட்சி எல்லைக்கு வெளியே இருந்த அண்டை நாட்டவரைப் பெயர் சுட்டுகிறது. கிர்னார்ப் பாறையில் அந்த வரிசை சோடர், பாண்டர், சதியபுதோ, கேதலபுதோ, தம்பபம்ணி என்று அமைகிறது. ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்து முடித்து, அடுத்த ஆண்டு கிர்னார்க் கட்டளைகளை வெளியிட்டார். அன்று முதல் இந்தப் பட்டியல் ஆய்வாளர்களின் கையில் இருந்தது. சோழர், பாண்டியர், கேரளர், இலங்கை ஆகியவற்றில் பெரிய சிக்கல் இல்லை. இடையில் நிற்கும் சதியபுதோ யார்?

விடை சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அசோகனைப் பற்றித் தனிநூல் எழுதிய வின்சென்ட் ஸ்மித் கோயம்புத்தூர்ப் பகுதியிலுள்ள சத்தியமங்கலத்தை நாடினார். பண்டார்கர் மராட்டியத்தில் வழங்கும் சாத்புதே என்னும் குடிப்பெயரைச் சுட்டினார். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1919இல் எழுதிய கட்டுரையில் மேலைக் கடற்கரையின் தாய்வழி மரபினரை முன்வைத்தார். சத்தியவிரத க்ஷேத்திரம் என்று புராணம் போற்றும் காஞ்சியே அது என்றோரும், வாய்மை தவறாதவர் என்று சங்கப் பாடல்கள் சிறப்பிக்கும் கோசரே என்றோரும் உண்டு. பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் மதித்த பெயர்கள் பல இந்தப் பட்டியலில் உள்ளன. அக்காலத்தில் ஒருவர் தம் ஊரின் பழமையை நிறுவ விரும்பியிருந்தால், சத்தியமங்கலத்தாருக்கு ஸ்மித்தும் காஞ்சியாருக்கு வேறொருவரும் கைகொடுத்திருப்பர். ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் அறிஞர் கிடைக்கும் வழக்கில் அறிஞரின் பெயர் மட்டும் எதையும் தீர்க்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கருத்துகளுள் பலவற்றுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. 'சதிய' என்பதைச் 'சத்தியம்' என்று கொண்டு, ஒலி ஒத்த இடத்தையோ பொருள் ஒத்த குடியையோ தேடினார்கள். ஆனால் அசோகனின் கல்வெட்டுகளிலேயே வாய்மையைக் குறிக்கும் சொல் வேறு வடிவில் வருகிறது. பிரமகிரிச் சிறுபாறைக் கட்டளையிலும் தூண் கட்டளையிலும் அது 'சச' என்றே காணப்படுகிறது. அப்படியிருக்க இங்கு மட்டும் ஏன் 'சதிய'? இந்த ஐயத்தை எழுப்பப் பெரும் புலமை தேவையில்லை. மூலத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கும் பொறுமை போதும்.

மாற்று விடை சொன்னவர்களுள் முக்கியமானவர் கே.ஜி. சேஷ ஐயர். திருவிதாங்கூரில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். சங்ககாலச் சேர வேந்தரைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1937இல் வெளிவந்தது. சதியபுதோ என்பது தகடூர் அதியமான் மரபே என்பது அவர் கருத்து. தகடூர் இன்றைய தருமபுரி. தொழிலால் சட்டத்துறையினரான ஒருவர் சொன்னதை ஸ்மித்துக்கு எதிராக எடுத்துக்காட்டுவது அன்று துணிச்சலான செயலாகவே இருந்திருக்கும். அதற்கு நியாயமான மறுப்பும் உண்டு. அதியமான் ஒரு குறுநில மன்னன். மூவேந்தரோடு ஒரே வரிசையில் வைத்து மௌரியப் பேரரசன் பெயர் சொல்லும் தகுதி அவனுக்கு உண்டா? மறுத்தவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களும் காரணத்தோடுதான் மறுத்தார்கள்.

இங்கே இன்னொரு துறையின் அறிஞர் உள்ளே வருகிறார். டி. பர்ரோ ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியர். எமனோவுடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்தவர். தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற சகரம் மறைந்த வரலாற்றை 1947இல் ஒரு கட்டுரையாக எழுதினார். தமிழில் ஐந்து, ஆறு என்று உயிரில் தொடங்கும் எண்கள் கோண்டியில் சய்யுங், சாருங் என்று சகரத்தோடு நிற்கின்றன. நம் உப்பு அங்கே சோவர். வடக்கிலிருந்து வந்த சொற்களுக்கும் இதுவே நேர்ந்தது: சிராவணம் ஆவணி ஆயிற்று, சகசிரம் ஆயிரம் ஆயிற்று. சமணர் என்ற சொல்லுக்குத் தேவாரத்தில் அமணர் என்ற வடிவும் பயில்வதை நாம் அறிவோம். இந்த வரிசையில் 'சதிய' என்பது 'அதிய' ஆவதில் வியப்பொன்றும் இல்லை. பர்ரோவும் இந்தப் பெயரைத் தம் வாதத்துக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்.

எஞ்சியது 'புதோ'. அதற்கு அடுத்த பெயரே விடை சொல்கிறது. கேரளபுத்திரன் என்று அசோகன் சொல்பவனைத் தமிழ் எப்படிச் சொல்கிறது? சேரமகன், அதன் திரிபாகச் சேரமான். மலையமான், தொண்டைமான் என்ற பெயர்களும் அவ்வகையினவே. புத்திரன் என்பதற்கு நேராக மகன், மகன் குறுகி மான். எனவே கேதலபுதோ சேரமான் என்றால் சதியபுதோ அதியமான் ஆவதே முறை. இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து ஒரே வாய்பாட்டில் நிற்பதை இந்த விளக்கம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சத்தியமங்கலமோ சாத்புதேயோ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சேஷ ஐயரையும் பர்ரோவையும் அன்று மேற்கோள் காட்டிய ஒருவர், 'ஆக்ஸ்போர்டுப் பேராசிரியரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருந்தால் அது வெறும் பெயர்ச் சண்டையில் முடிந்திருக்கும். நம்மிடையே அப்படி எழுதும் பழக்கம் இன்றும் குறையவில்லை. வெள்ளைக்காரர் பெயராக இருந்தால் கூடுதல் மகிழ்ச்சி. பர்ரோவின் சொல் இங்கு எடைபெறுவது ஆக்ஸ்போர்டால் அன்று. ஒலிமாற்றம் அவருடைய துறை. அதியமான் பெயரை விளக்குவதற்காக அவர் அந்த விதியை உருவாக்கவில்லை. கோண்டியையும் தமிழையும் ஒப்பிட்டுப் பெற்ற விதியில் இந்தப் பெயர் போய்ப் பொருந்துகிறது. தகடூரின் பெருமையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1981 அக்டோபரில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஜம்பைக் கல்வெட்டைக் கண்டுபிடித்தது. ஊருக்கு அருகிலுள்ள குன்றில் தாசிமடம் என்று மக்கள் வழங்கும் குகைத்தளத்தில், தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி: ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி. சதியபுதோவாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது பொருள். கடைசிச் சொல்லைப் பளி என்று வாசிப்பாரும் உண்டு. எப்படி வாசித்தாலும் துறவியர் தங்கும் பள்ளியைக் குறிப்பதில் ஐயமில்லை.

அறிஞர்கள் எந்த இரண்டு பெயர்களை இணைக்கலாமா கூடாதா என்று வழக்காடினார்களோ, அந்த இரண்டும் ஒரே பாறையில் அருகருகே நின்றன. இடமும் பொருந்தியது. நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். அந்தக் கோவலூர், மலையமானின் திருக்கோவலூர், ஜம்பைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. தகடூர் மன்னனின் கொடை பெண்ணைக் கரையில் கிடைப்பதற்கு இதைவிட இயல்பான காரணம் வேண்டுமா?

எனினும், இவ்வளவு கச்சிதமாகக் கிடைக்கும் சான்றைக் கண்டு ஐயுறுவதும் ஆய்வாளரின் கடமையே. தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் முதற்சொல் மட்டும் பிராகிருதம். அதுவும் கிர்னார் வடிவத்திலேயே ஓகார ஈற்றோடு. தமிழுக்கு இல்லாத ஸகர எழுத்தோடு. அசோகன் கட்டளையை அறிந்த எவரோ பிற்காலத்தில் வெட்டியிருந்தால்? இந்த ஐயத்துக்கு 'நாகசாமி சொல்லிவிட்டார்' என்பதோ 'அரசுத் துறை அறிவித்துவிட்டது' என்பதோ விடையாகாது. கல்லில் உள்ள எழுத்தின் அமைதியும், எழுத்து வெட்டப்பட்ட முறையும், ஏனைய குகைக் கல்வெட்டுகளோடு அது கொள்ளும் உறவும்தான் விடை. பல்லாண்டு குகைக் குகையாக ஏறிப் பார்த்தவர்தான் அந்த விடையைச் சொல்ல முடியும்.

அப்படிப் பார்த்தவர் ஐராவதம் மகாதேவன். இவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர், பின்னர் தினமணியின் ஆசிரியர். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களையும் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும் 1965இல் படித்துக் காட்டியவர். பிறகு 1991 முதல் 1996 வரை மீண்டும் களத்துக்குச் சென்று, தம் பழைய வாசிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, 2003இல் தம் பெருநூலை வெளியிட்டார். ஜம்பையை உண்மையான கல்வெட்டாகவே கொண்டு அத்தொகுப்பில் இடம்பெறச் செய்தார். எழுத்தமைதியைக் கொண்டு அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு அளவில் என்று கணித்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஜம்பையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி எதிர்ப்படும் வாதம் இது: அசோகன் சதியபுத்திரனைக் குறிப்பிடுகிறான், நெடுமான் அஞ்சியே சதியபுத்திரன் என்று ஜம்பை சொல்கிறது, எனவே நெடுமான் அஞ்சி அசோகன் காலத்தவன், எனவே ஔவையாரும் பரணரும் கபிலரும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டினர். இதற்குத் துணையாக மகாதேவனின் பெயரும் நூலும் அடியில் வரும். கல்வெட்டைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வைத்தவரின் பெயரை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே தள்ளும் வாதத்துக்குச் சான்றாக்குவது என்ன நியாயம்? அவரை மறுத்து எழுதலாம். அது ஆய்வு. அவரை வைத்தே அவரை மறுப்பது ஆய்வன்று.

வாதத்தின் பிழை எளியது. அசோகனின் பட்டியலில் சதியபுதோ என்பது மரபின் பெயர். சோழருள் எவர், பாண்டியருள் எவர் என்று அவன் சொல்லாதது போலவே, அதியருள் எவர் என்றும் சொல்லவில்லை. ஆள்பெயராக அந்த வரியில் வருவது யவன அரசன் அந்தியோகன் ஒருவனே. ஜம்பை நமக்குத் தருவது, அம்மரபின் பழம்பட்டத்தை நெடுமான் அஞ்சியும் சூடியிருந்தான் என்ற செய்தி. மகாதேவனின் காலக்கணிப்பை ஏற்றால், மௌரியர் மறைந்து பல தலைமுறைகள் சென்ற பின்னும் ஒரு தமிழ்க் குறுநில மன்னன் பாடலிபுத்திரத்து அரசன் தன் முன்னோரை அழைத்த பெயரைப் பிராகிருத வடிவம் மாறாமல் கல்லில் பொறிக்கச் செய்திருக்கிறான். காலத்தை முன்னே தள்ளுவதைவிட இது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. அந்த நினைவு எந்த வழியாகத் தகடூரில் காக்கப்பட்டது? அதை எழுதிக்கொடுத்த எழுத்தர் யார்? நம் பழமைப் பெருமிதம் இந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

அறிஞரின் சொல்லுக்கும் ஒரு தேதி உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மகாதேவன் 2018இல் மறைந்தார். கீழடி அகழாய்வின் கரிமக் காலக்கணிப்பைத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டு, தமிழ் பிராமியின் தொடக்கத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது. எழுத்தின் தோற்றம் குறித்து 2003ஆம் ஆண்டு நூலை இன்று மேற்கோள் காட்டுபவர், ஆண்டையும் சொல்லி, பின்வந்த சான்றுகளையும் சொல்ல வேண்டும். அதேவேளை, எழுத்தின் தொடக்கம் பின்னே போனதால் அதில் எழுதப்பட்ட எல்லாக் கல்வெட்டுகளும் தாமாகப் பின்னே போய்விடா. கீழடிப் பானையோட்டின் வயது ஜம்பைப் பாறையின் வயதாகாது. ஜம்பையின் காலத்தை மாற்ற விரும்புகிறவர் ஜம்பையின் எழுத்துகளைக் கொண்டே அதை நிறுவியாக வேண்டும்.

இதே வட்டாரத்தின் கிழக்குப் பக்கத்தில், அறிஞர் துணை ஏறத்தாழத் தேவையே படாத அடையாளம் ஒன்றும் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடிய நல்லியக்கோடன் ஓய்மாநாட்டுத் தலைவன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனம் நகருக்குள் இருக்கும் கிடங்கல். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபின் இந்தப் பெயர் பரவலாகத் தெரியவந்தது. ஆனால் அடையாளம் ஐயரின் பெயரால் நிற்கவில்லை. ஊர்ப்பெயர் வழக்கொழியாமல் இருக்கிறது. ஓய்மாநாடு என்ற நாட்டுப்பெயர் இடைக்காலக் கல்வெட்டுகளில் இப்பகுதிக்கே வழங்குகிறது. பாடல் சொல்லும் வழியும் கடற்கரை எயிற்பட்டினத்தில் தொடங்கி வேலூர், ஆமூர் வழியே உள்நாட்டுக் கிடங்கிலுக்கு வருகிறது. ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இங்கு 'பேராசிரியர் இன்னார் கூறுவார்' என்று தொடங்கும் கட்டுரையாளர், கையில் பொன் இருக்கக் கடன்சீட்டு நீட்டுகிறார் என்றே சொல்வேன்.

எயிற்பட்டினத்தின் நிலை அவ்வளவு உறுதியானதன்று. அது மரக்காணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்கு மேலும் ஒரு படி சென்று, செங்கடல் பயணநூலான பெரிப்ளூஸ் கமரா, பொதுகா என்பவற்றோடு சேர்த்துச் சொல்லும் சோபட்மா துறைமுகமும் அதுவே என்பர். சோ என்றால் அரண், எயில் என்றாலும் அரண். ஆகவே சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்று என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சதியபுதோவுக்குக் கிடைத்த பக்கத்துணை இதற்கு இல்லை. கேதலபுதோவைப் போல அருகில் நின்று வாய்பாட்டை உறுதிசெய்யும் இன்னொரு பெயர் இல்லை. வேறு நோக்கத்துக்காக எழுந்த ஒலிவிதியும் இல்லை. கிரேக்க மாலுமியின் காதில் விழுந்த ஓர் ஒலியும் நம் நிகண்டில் உள்ள ஒரு பொருளும் மட்டுமே உண்டு. சோபட்மாவைச் சதுரங்கப்பட்டினத்தில் வைப்போரும் இருக்கிறார்கள். மரக்காணத்தைப் பற்றி எழுதுகிறவர் இந்த வாதத்தை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இன்னாருடைய ஊகம், இன்ன காரணத்தால் என்று எழுதி, எதிர்க்கட்சி எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.